38 மில்லியனுக்கு ஒரு கொட்டாவி

முதலில் கணக்கைப் பாத்துவிடுவம். 2019 டிசம்பரில் லொஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் பேஸ்போல் கழகம் அந்தனி ரெண்டோனுடன் ஏழு வருட ஒப்பந்தம் ஒன்றை எழுதியது. தொகை 245 மில்லியன் டொலர். 2020 இலிருந்து 2024 வரையான ஐந்து பருவங்களில் அந்தக் கழகம் ஆடிய ஆட்டங்கள் 708. ரெண்டோன் ஆடியது 257. அடித்த ஹோம் ரன் 22. இங்கே வருவதற்கு முதல் வருடம் வொஷிங்டன் நஷனல்ஸுக்கு ஆடியபோது அந்த ஒரே பருவத்தில் அடித்தது 34. 2024 இல் 57 ஆட்டம் இறங்கி ஒரு ஹோம் ரன் கூட இல்லை. 2025 பெப்ரவரியில் இடுப்பில் சத்திரசிகிச்சை என்று அறிவித்தார்கள், அந்தப் பருவத்தில் ஆள் ஒரு பந்துக்கும் மட்டை தூக்கவில்லை. 2026 க்கும் 38 மில்லியனுக்கு மேல் எழுதிக் கிடந்தது.

ஒப்பந்தத் தொகையை இறங்கின ஆட்டங்களால் வகுத்தால், கொரோனா வருடத்தில் எல்லாருக்கும் வெட்டின சம்பளத்தைக் கழித்தாலும், ஒரு ஆட்டத்துக்கு எட்டரை இலட்சம் டொலருக்குக் குறையாது. ரூபாவில் கணக்குப் பாக்க வேண்டாம், விசர் பிடிக்கும்.

உங்களுக்கும் பேஸ்போலுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம். பள்ளிக்கூடத்தில எல்லே விளையாடினவைக்கு பேஸ்போல் விளங்க அரை மணித்தியாலம் போதும். மற்றது, ஷோஹெய் ஒட்டானி. பந்தும் வீசி, மட்டையாலும் அடிக்கிற அந்த மனிசனைப் பாக்கத்தான் நாங்கள் உள்ளுக்கு வந்தம். ஏஞ்சல்ஸின் இரவு ஆட்டம் அனஹெய்மில் பின்னேரம் ஆறு முப்பத்தெட்டுக்குத் தொடங்கினால் எங்களுக்குக் காலை ஏழு எட்டு. பாணும் சம்பலும் தின்றபடி பாத்த ஆட்டங்கள்தான் அதிகம். ஒட்டானி அடிப்பார், மைக் ட்ரவுட் அடிப்பார், அடுத்ததாக ரெண்டோன் வரவேண்டிய இடத்தில் நாங்கள் பெயர் கேள்விப்படாத யாரோ ஒரு பெடியன் வந்து நிப்பான். ரெண்டோன் எங்கே? காயப் பட்டியலில். கவட்டு, முழங்கால், இடுப்பு, மணிக்கட்டு, கணைக்கால் அடி. உடம்பில மிச்சமில்லை.

இந்த இடத்தில் எங்கள் கோபத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கவேணும். ஏனெண்டால் இதை வாசிக்கிற பாதிப்பேர், "ஒரு பந்தடிக்கிறவனுக்கு இவ்வளவு காசா" என்ற பழைய புலம்பலைத்தான் எதிர்பார்ப்பீர்கள். அது எங்கட புலம்பல் இல்லை. பேஸ்போலில் ஒரு காலம் இருந்தது. கழகம் ஒருமுறை கையெழுத்து வாங்கினால் வீரன் சாகும் மட்டும் அவர்களின் சொத்து, விற்கலாம், மாற்றலாம், அவன் வாய் திறக்க ஏலாது. கேர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரர் 1969 இல் தன்னை இன்னொரு ஊருக்கு மாற்றியபோது போகமாட்டேன் என்று நின்றார். உச்ச நீதிமன்றம் வரை போய் 1972 இல் தோற்றார். அவருடைய விளையாட்டு வாழ்க்கை அதோட சரி. மூன்று வருடம் கழித்து வேறு இரண்டு பேரின் வழக்கில் ஒரு மத்தியஸ்தர் அந்தக் கட்டை அவிழ்த்தார். இண்டைக்கு ஒரு வீரர் முழுத்தொகையும் உத்தரவாதமாகக் கேட்டு வாங்குகிறார் என்றால் அது ஃப்ளட் இழந்ததில் இருந்து வந்தது. அதுக்குள்ள நாங்கள் கல்லெறிய மாட்டோம். உழைக்கிறவன் கையில் போகாவிட்டால் அந்தக் காசு ஏழைக்கா போகப்போகுது? முதலாளி பைக்குத்தான் போகும்.

காசுதான் பிரச்சினை இல்லை என்பதற்கு ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பேர்க்கைப் பாருங்கள். 2019 இல் நஷனல்ஸ் உலகத் தொடரை வென்றபோது அதன் சிறந்த வீரர் அவர்தான். ரெண்டோனின் சக வீரர், அதே முகவர். ரெண்டோன் கையெழுத்து வைத்த அதே வாரத்தில் அவரும் நஷனல்ஸுடன் வைத்தார். ஏழு வருடம், 245 மில்லியன், ஒரு சதமும் வித்தியாசமில்லை. அதற்குப் பிறகு அவர் பந்து வீசிய ஆட்டங்கள் எட்டு. வெறும் எட்டு! ரெண்டோனை விட மோசமான பேரம். ஆனால் வொஷிங்டனில் அவரை யாரும் திட்டுவதில்லை. நரம்பு நசிந்து கை விறைத்து, சத்திரசிகிச்சை செய்து, திரும்பி வந்து, ஒரு நாள் வீசி, பிறகு முடியாமல் போன மனிசன். வர முயற்சித்ததை எல்லாரும் கண்டார்கள்.

ரெண்டோனிடம் எதைக் கண்டோம்?

2024 ஜனவரியில் ஒரு பேட்டியில் பருவம் கூடிப்போச்சு, 162 ஆட்டம் அதிகம், குறைக்கவேணும் என்கிறார். அதற்கு முந்தைய பருவத்தில் அவர் ஆடியது 43. அடுத்த மாதம், பேஸ்போல் தனக்கு ஒருபோதும் முதலிடத்தில் இருந்ததில்லை, இது ஒரு தொழில், விசுவாசமும் குடும்பமும்தான் முன்னுக்கு என்கிறார்.

இதைப் பற்றி எங்களுக்குள்ளேயே சண்டை. ஒருத்தி கேட்டாள்: "வேலை வேலைதானே, அதில என்ன பிழை? நீங்கள் உங்கட முதலாளிக்காக உயிரை விடுவீங்களோ?" நியாயமான கேள்வி. குடும்பத்தை விட வேலை முக்கியம் என்று எங்களிடம் யாரும் சொன்னால் நாங்கள்தான் முதலில் சிரிப்போம். இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேணும். பேஸ்போல் பாக்க நீளம், அலுப்பு என்று அவர் 2014 இலேயே சொன்னவர். அப்போது வொஷிங்டனில் எல்லாரும் ரசித்துச் சிரித்தார்கள், என்ன அமைதியான ஆள், பதட்டமே இல்லை என்றார்கள். 2019 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில், ஏழாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்துக் கதவைத் திறந்துவிட்டவரும் இதே கொட்டாவிக்காரர்தான். அடிக்கும்போது அழகாக இருந்த அலட்சியம் அடிக்காதபோது குத்துது. எங்கட பக்கமும் கொஞ்சம் பம்மாத்து இருக்கு.

சரி, தொழில் எண்டால் தொழிலாகவே பாப்பம். 2023 ஜூலை தொடக்கத்தில் அவர் அடித்த பந்தே அவரின் காலில் பட்டது. கண்டல் என்றது கழகம். வாரங்கள் போயின, ஆளைக் காணவில்லை. பத்திரிகையாளர் கேட்டால், டெக்ஸாஸில் பிறந்து வளர்ந்த மனிசன், தனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஸ்பானிஷில் பகிடி விட்டார். செப்டெம்பர் நடுவில்தான் அவரே சொன்னார், எலும்பு முறிஞ்சது என்று. எங்கட ஊரில ரெண்டு நாள் லீவுக்கே மெடிக்கல் குடுக்கவேணும். கழகம் பொய் சொன்னதா, அவர் கழகத்துக்கே சரியாகச் சொல்லவில்லையா, யாருக்கும் விளங்கவில்லை. டிக்கெட் வாங்கி வந்தவனுக்கு ஒரு வசனம் சொல்லக்கூட அவருக்கு மனமில்லை. அதே வருடம் முதல் நாள் ஆட்டத்தில் ஓக்லண்டில் தன்னைத் திட்டிய இரசிகரின் சட்டையைப் பிடித்து, கையை ஓங்கி வீசினார். அதுவும் படவில்லை. நாலு ஆட்டத் தடை.

"ஆட்டத்தைக் குறைக்கவேணும்" என்றதற்கு வருவோம். ஒரு பருவத்தில் சொந்த மைதானத்தில் 81 ஆட்டம். அந்த 81 இரவும் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர், படியேறிக் கச்சான் விற்கிறவர், கதிரை துடைக்கிறவர் எல்லாரும் ஆட்டம் நடந்தால்தான் கூலி வாங்குகிறார்கள். அவர்களுக்கு உத்தரவாத ஒப்பந்தம் இல்லை. இருபது ஆட்டம் குறைந்தால் ரெண்டோனுக்கு ஓய்வு, அவர்களுக்கு வாடகைக் காசு. பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே ஆடுகிற பெடியளுக்கு 2022 வரை வருடத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 17,500 டொலர். சங்கத்தில் சேர்ந்த பிறகு 2023 இல் 35,800 ஆனது. ரெண்டோனின் வருடச் சம்பளத்தை 162 ஆல் வகுத்து வருகிற ஒரு ஆட்டத்துப் பங்கு, அவர்களில் ஆறு பேரின் முழு வருட உழைப்பு. அதை அவர் திருடினார் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் இருந்துகொண்டு அலுப்பு என்று சொல்லக்கூடாது. குடும்பத்தை நேசிக்கிறதுக்கும் மற்றவனின் உழைப்பைப் பாத்துக் கொட்டாவி விடுறதுக்கும் தூரம் இருக்கு.

இனி முதலாளி. ஆர்ட் மொரேனோ 2003 இல் கழகத்தை டிஸ்னியிடம் வாங்கினார். அவருக்கு ஒரு வியாதி. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுங்குகிறதை வாங்குவார், வீட்டில் அரிசி இருக்கா எண்டு பார்க்கமாட்டார். 2011 டிசம்பரில் அல்பேர்ட் பூஹோல்ஸ், பத்து வருடம், 240 மில்லியன். செயின்ட் லூயிஸில் .328 அடித்தவர் இங்கே .256. ஒப்பந்தம் முடியும் முன்னரே 2021 மே மாதம் அனுப்பிவிட்டார்கள். 2012 டிசம்பரில் ஜோஷ் ஹமில்டன், 125 மில்லியன். இரண்டு பருவம் ஆடினார், பிறகு பழைய கழகத்துக்கே அனுப்பி, பெரும்பகுதிச் சம்பளத்தை ஏஞ்சல்ஸே கட்டியது. மூன்றாவது ரெண்டோன். எல்லாரும் மட்டைக்காரர். பந்து வீச ஆள் இல்லை என்று ஊர் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த குளிர்காலத்தில்தான் இந்த 245 போனது. கெரிட் கோல் யாங்கீஸுக்குப் போன அடுத்த நாளே, கையில் மிச்சமிருந்த காசுக்கு இன்னொரு மினுக்கம். பிறகு 2021 தெரிவில் கிடைத்த 20 இடங்களுக்கும் 20 பிட்சர்களைப் பிடித்தார்கள். பகிடி இல்லை, இருபதுக்கு இருபது. வருத்தம் வந்து படுத்த பிறகு மருந்துக்கடையையே வாங்கின கதை.

அதே கழகம் 2020 இல் அலுவலக ஆக்களையும் ஆள் தேடுகிற ஸ்கவுட்டுகளையும் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியது. அடுத்த வருடம் அதன் கீழ்நிலை அணிகளின் பெடியள் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் படுகிற பாடு செய்தியாக வந்தது. 2022 ஓகஸ்டில் கழகத்தை விற்கப்போகிறேன் என்றார் மொரேனோ, 2023 ஜனவரியில் இல்லை என்றார்.

2014 க்குப் பிறகு ஏஞ்சல்ஸ் ஒரு முறையும் பிளேஓஃப் போகவில்லை. ஒட்டானி ஆறு பருவம் ஆடினார். இரண்டு முறை லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் விருது. ஆறில் ஒரு பருவம்கூட தோல்விகளை விட வெற்றிகள் அதிகமாக முடியவில்லை. 2023 டிசம்பரில் அதே பகுதியின் மற்றக் கழகமான டொட்ஜர்ஸுக்குப் போனார், முதல் வருடமே உலகத் தொடரை வென்றார். ட்ரவுட் இன்னும் அங்கேதான், முழங்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டு. எங்களுக்கு ஆத்திரம் அந்த ஆறு வருடத்தில்தான். நூறு வருடத்துக்கு ஒருக்கா வாற ஆளும், மூன்று முறை அதே விருதை வாங்கின ஆளும் ஒரே வரிசையில் நிண்டார்கள். மூன்றாவதாக ஒரு உயிருள்ள மனிசன் வந்திருந்தால் போதும்.

2022 மே 10 ஐச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. ரீட் டெட்மேர்ஸ் என்ற இளம் பிட்சர் டம்பா பேக்கு ஒரு ஹிட்டும் குடுக்காமல் முடித்த இரவு. ஏஞ்சல்ஸ் ஏகப்பட்ட ஓட்டம் முன்னுக்கு. எதிரணி பிட்சரை வீணாக்காமல் பிரெட் பிலிப்ஸ் என்ற வெளிக்களத்துக்காரனைப் பந்து வீச விட்டது. வாழ்நாள் முழுக்க வலக்கையாக நின்று அடித்த ரெண்டோன் சும்மா விளையாட்டுக்கு இடக்கைப் பக்கம் போய் நின்றார். பெரிய லீக்கில் அவர் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. ஹோம் ரன்! பந்து போகிற திசையைப் பாத்து அவரும் சிரித்தார், அணி முழுக்கத் துள்ளியது, இங்கே நாங்களும் பிளேன்டீயை வைத்துவிட்டு எழும்பி நிண்டு கத்தினோம்.

அந்தக் காணொளியை இப்பவும் அடிக்கடி போட்டுப் பாக்கிறம். பாக்கிற ஒவ்வொரு முறையும் முன்னதை விடக் கூடக் கோபம் வருது.