விளக்கை உடைத்தவனும் விளக்கைத் திருடியவனும்

பத்தொன்பது வயது இளைஞர் இருவர். ஒருவன், நண்பர்களோடு பந்தயம் கட்டிக் கல்லெறிந்து நகராட்சித் தெருவிளக்கை உடைத்தான். மற்றவன், அடுத்த கம்பத்து விளக்கைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்றான். இருவரில் எவனுக்குச் சிறை? உங்கள் விடை இருக்கட்டும். சட்டம் தரும் விடையைக் கேளுங்கள், தோழர்களே!

திருடியவன் முதன்முறை தண்டனை பெறுபவன். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ். அதைத் திருப்பியும் தந்துவிட்டான். அவனுக்குச் சமூகப் பணியே தண்டனை என்கிறது, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு. நன்று, வரவேற்கிறோம். உடைத்தவனுக்கோ 324ஆம் பிரிவு: ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூகப் பணி என்ற பேச்சே அங்கு இல்லை! 1984ஆம் ஆண்டின் பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தையும் துணைக்கழைத்தால் ஐந்தாண்டு வரை நீளும். களவாடியவனுக்குத் துடைப்பம், கல்லெறிந்தவனுக்குக் கம்பிக்கதவு! என்னே நியாயம்!

வெள்ளையன் 1860இல் வகுத்த தண்டனைச் சட்டம், சிறு சேதத்துக்கு மூன்று மாதச் சிறை என்றது. 50 ரூபாயை எட்டிய சேதத்துக்கு ஈராண்டு வரை என்றது. அன்று 50 ரூபாய் பெருந்தொகை. அந்த வரம்போ 2024 வரை அசையவில்லை. புதுச் சட்டம் அதனை 20,000 ஆக்கியது, மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாதத்தை ஆறு மாதமாக உயர்த்தியதும் அதே சட்டந்தான். அந்நியன் கட்டிய சிறையை நம்மவர் அகலமாக்கினர்!

"உச்ச அளவுதானே அது, நீதிபதி அபராதத்தோடு விடலாமே, 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்தும் அனுப்பலாமே" என்பர். அனுப்பலாம். எவரும் குறைகூறாத அளவு அற்பத் தீங்கு குற்றமே அன்று என 33ஆம் பிரிவும் கூறுகிறது. ஆனால் இவையெல்லாம் வழக்கறிஞர் வைக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு எளிதில் எட்டும். கூலிக்காரன் மகனுக்கு? அபராதம் கட்டியே வெளிவந்தாலும், வேலைக்கு மனுப்போடும் நாளில் காவல் நிலையப் பதிவேடு அவனுக்கு முன்னே போய் நிற்கும். உடைந்த விளக்கோ உடைந்தபடியே தொங்கும்!

இன்னொரு வேடிக்கை. அதே பையன் பதினெட்டு நிரம்பாதவனாக இருந்தால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அவனைச் சமூகப் பணிக்கு அனுப்பலாம். பிறந்தநாள் ஒன்று கழிந்ததும் அந்த வழி அடைபடுகிறது!

சேதம் விளைவித்தவனை நாம் தட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. இருட்டில் நடந்து காலை ஒடித்துக்கொண்ட கிழவிக்கு அவன் விளையாட்டு விளையாட்டாகாது. புது விளக்குக்கான பணத்தை அவனே தரட்டும். ஊரறிய நகராட்சி ஊழியரோடு ஒரு திங்கள் தெருவில் உழைக்கட்டும். அதற்குத் தேவை, 324ஆம் பிரிவில் "அல்லது சமூகப் பணி" என மூன்றே சொற்கள். குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. நாடாளுமன்றம் உறங்கினால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு நம் சட்டமன்றமே அவற்றைச் சேர்க்கலாம். அடுத்த கூட்டத்தொடரில் அந்தத் திருத்தம் வரவேண்டும்.