கயிறு இழுத்தவர்கள் போட்ட பாதை

திருப்போரூர்ப் பக்கம் வருகிறவர்களுக்கு இரண்டு பாதைகள்தான் தெரியும்: மேற்கே பழைய மாமல்லபுரம் சாலை, கிழக்கே கிழக்குக் கடற்கரைச் சாலை. நடுவே மூன்றாவதாக ஒன்று கிடக்கிறது. அது பக்கிங்காம் கால்வாயின் கரை.

அந்தக் கரையைப் பாதையாக்கியது மனிதக் கால்கள். 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய கால்வாயை, தாது வருஷப் பஞ்சத்தின்போது பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்து நகருக்குள் வெட்டி, தெற்குக் கால்வாயோடு சேர்த்தார்கள். உப்பும் விறகும் அதில் போயின. காற்று வாய்த்தால் பாய் விரியும். வாய்க்காதபோது படகுக்காரர்கள் கரையில் இறங்கித் தோளில் கயிற்றைப் போட்டு இழுத்தபடி நடப்பார்கள். பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ கவிதை அந்த உழைப்பைப் பேசுகிறது. 1965, 66 புயல்களில் கால்வாய் சிதைந்தது. சரக்கு லாரிக்கு மாறியது, கயிறு இழுத்தவர்களும் போனார்கள்.

கரையில் புல் மண்டிவிட்டது. திட்டமிடுகிற எங்கள் மனத்தில் மட்டும் ஒரு தடம் தேயத் தேய மிதிபடுகிறது. நெரிசலா, அகலப்படுத்து, மறுபடி நெரிசலா, புறவழிச்சாலை போடு. 2008இல் பழைய மாமல்லபுரம் சாலையைச் சிறுசேரி வரை ஆறு வழிச்சாலையாக்கித் திறந்தோம். அகலமான சாலை புதிய வாகனங்களை வரவழைக்கும் என்பது போக்குவரத்துத் துறையில் பலகாலமாகத் தெரிந்த உண்மை. ஆனாலும் அதே தடத்தில்தான் பூஞ்சேரி நோக்கிப் போகிறோம். இதில் நடப்பவருக்கு என்ன கிடைத்தது? கிருத்திகைக்குத் திருப்போரூர்க் கந்தசுவாமியைப் பார்க்க நடந்து வருகிறவர் லாரிக்கு ஒதுங்கிச் சாலையோர மண்ணில் இறங்க வேண்டியிருக்கிறது.

கழிமுகத்தில் இறால் தடவும் இருளர் பெண்களைப் பாருங்கள். மார்பளவு நீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுகிறார்கள். அகப்பட்ட இறால், பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் பறிக்குள் விழுகிறது. படகில்லை, வலையில்லை. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் தண்ணீர்வரை காலால் போய்வர ஒரு கரை. எந்தப் போக்குவரத்துக் கணக்கெடுப்பிலும் இந்த நடை பதிவாவதில்லை.

2025-26 நிதிநிலை அறிக்கையில், திருப்போரூர் அருகே கோவளம் உபவடிநிலத்தில் 3,010 ஏக்கரில் புதிய நீர்த்தேக்கம் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்தது. சென்னைக்குக் குடிநீர் வேண்டும், மறுக்கவில்லை. கழிமுகத்தின் உவர்நீர் நன்னீரானால் இறால் என்னாகும் என்ற மீனவர்களின் கேள்வி மிகப் பெரியது, தனியே பேச வேண்டியது. நான் கேட்பது நடைபாதையைப் பற்றி. நீர்த்தேக்கம் என்றால் கரை எழும்பும். கரையின் மேல் யார் போவார்கள்? ஆய்வு ஜீப் மட்டுமா?

அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து கம்பர்லண்ட் வரை 297 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பழைய கால்வாய்க் கரை இருக்கிறது. கோவேறு கழுதைகள் படகு இழுத்த பாதை. அதைக் கார் சாலையாக்கப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954இல் பத்திரிகை ஆசிரியர்களை உடன் வரும்படி அழைத்து, அந்தப் பாதையின் முழு நீளத்தையும் நடந்தார். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971இல் அந்தக் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. இன்றும் அங்கே மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். நாமோ சென்னை நகருக்குள் கால்வாயிலேயே பறக்கும் ரயிலின் தூண்களை நட்டோம்.

கேளம்பாக்கத்திலிருந்து நெம்மேலி வரை கால்வாய்க் கரையிலும், புதிய நீர்த்தேக்கக் கரையின் மேலும் மூன்று மீட்டர் அகலத்துக்கு மண்பாதை போதும். வண்டி ஏறாதபடி நுழைவாயில்களில் கல் ஊன்ற வேண்டும். திருப்போரூர் - நெம்மேலி சாலையிலிருந்து ஏறி இறங்கப் படிகள் வேண்டும். இறால் பிடிக்கிறவர்கள் தண்ணீரில் இறங்கும் இடங்களை அவர்களிடமே கேட்டுக் குறிக்க வேண்டும். சாலைக்கு ஆகும் செலவில் இது ஒரு துளி. வரைபடத்தில் இப்போதே இந்தக் கோட்டைப் போட்டாக வேண்டும். வேலியும் மதகும் வந்தபின் கேட்டால், இடமில்லை என்பார்கள்.

- கட்டுரையாளர், போக்குவரத்துத் திட்டமிடல் வல்லுநர்.