"நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள்!

சகோதரர்களே! மெஷினில் கையைக் கொடுத்துவிட்டு, இ.எஸ்.ஐ. உதவித்தொகைக்காக மருத்துவக் குழுவின் முன் போய் நிற்கிறான் நம் பிள்ளை. டாக்டர் கேட்கிறார்: "இப்ப எப்படிப்பா இருக்கு?" பழக்கத்தில் வாய் முந்திக்கொள்கிறது: "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன் சார்!" அந்தப் பதில் காகிதத்தில் ஏறுகிறது. சதவீதம் இறங்குகிறது!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நம் சமுதாயத்து முதலாளிகளும் தொழிலாளிகளும் நிறைந்திருக்கும் ஊர்களில், தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் விரல் இழந்தவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. டீக்கடை பெஞ்சில் சற்று நேரம் உட்கார்ந்தால் போதும். அவர்களில் எத்தனை பேர் நிரந்தர ஊன உதவித்தொகை வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். வாங்குகிறவர்களிலும், போட்ட சதவீதம் சரிதானா என்று எதிர்த்துக் கேட்டவர் யார்?

கணக்கைப் பாருங்கள். சட்டத்தின் அட்டவணைப்படி கட்டைவிரலின் நுனிக் கணு போனால் 20 சதவீதம். கட்டைவிரல் முழுதும் போனால் 30. நாள் சம்பளம் 500 ரூபாய் என்றால், முழு உதவித்தொகை அதில் 90 சதவீதம், அதாவது 450 ரூபாய். இந்த 450இல் 20 சதவீதம் 90 ரூபாய். 30 சதவீதம் 135 ரூபாய். நாளுக்கு 45 ரூபாய்தானே வித்தியாசம் என்று விட்டுவிடாதீர்கள். மாதத்துக்கு 1,350 ரூபாய். அதுவும் ஆயுள் முழுக்க! 22 வயதில் விரலைப் பறிகொடுத்தவன் 62 வயது வரை இருந்தால் ஆறரை லட்சம் ரூபாய்!

அதே அட்டவணையின் கடைசியில் ஒரு குறிப்பு இருக்கிறது. உறுப்பு உடலோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும், அதன் பயன் முற்றாகவும் நிரந்தரமாகவும் போய்விட்டால் உறுப்பே போனதாகக் கொள்ள வேண்டும் என்கிறது அது. நுனிதான் வெட்டுப்பட்டது, மீதி மரத்துப்போய்க் கட்டையாக நிற்கிறது என்பவனுக்கு இதுதான் ஆயுதம். மரத்துப்போனதை எடுத்துச் சொல்ல வேண்டியவன் அவனல்லவா?

மருத்துவக் குழு சொன்னதோடு எதுவும் முடிந்துவிடவில்லை. மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். இ.எஸ்.ஐ. சட்டத்தில் இருந்த இந்த வழி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் காலவரம்பு உண்டு. முடிவு கைக்கு வந்த தேதியை அந்தத் தாளின் மேலேயே எழுதிவையுங்கள். "நோன்பு முடியட்டும், பெருநாள் கழியட்டும்" என்று தள்ளிப்போட்டு உரிமையைத் தொலைத்தவர்கள் நம்மில் போதும்!

விசாரணைக்கு எப்படித் தயாராவது? வக்கீலைத் தேடும் முன் ஒரு நோட்டை எடுங்கள். காலையில் எழுந்தது முதல் அந்தக் கை எதையெல்லாம் செய்ய மறுக்கிறது என்று ஒரு வாரம் எழுதுங்கள். ஒளு செய்யக் குழாயைத் திருக முடிகிறதா? சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா? கைலியை இறுக்கிக் கட்ட முடிகிறதா? தோலை விரித்துப் பிடிக்க முடிகிறதா? ஒரு தடவை முடிந்து, பத்தாவது தடவை விரல் விட்டுவிடுகிறதா? அதை அவசியம் எழுதுங்கள். கம்பெனியில் நாள் முழுக்க நடப்பது அந்தப் பத்தாவது தடவைதான். டாக்டர் பார்ப்பதோ முதல் தடவையை மட்டும். எழுதியதைத் தாயாரிடமோ மனைவியிடமோ படித்துக் காட்டுங்கள். நமக்கே பழகிப்போன குறைகளை அவர்கள்தான் ஞாபகப்படுத்துவார்கள்.

விபத்து அறிக்கை, முதல் நாள் சிகிச்சைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே படங்கள், சம்பளச் சீட்டு, மருத்துவக் குழுவின் முடிவு ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி வேலைக்குப் போவதை மறைக்காதீர்கள். வேலை பார்த்தாலும் இந்தத் தொகை நிற்காது.

குறையைச் சொன்னால் இறைவனுக்கு நன்றி மறந்தவன் ஆகிவிடுவோமோ என்று சிலர் தயங்குகிறார்கள். சகோதரரே, நன்றியைத் தொழுகையில் சொல்லுங்கள். மருத்துவர் முன்னால் நீங்கள் சாட்சி. சாட்சியை மறைப்பதும் குற்றம், கூட்டிச் சொல்வதும் குற்றம். இது ஜகாத்தும் அல்ல, ஸதக்காவும் அல்ல. உங்கள் சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 75 காசு பிடித்துக் கட்டிய காப்பீடு!

வியாபாரப் பெருமக்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. "வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சிருக்கேன்" என்கிறீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையில் அந்தப் பிள்ளையின் பெயர் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறதா? 100 ரூபாய் சம்பளத்துக்கு நீங்கள் கட்ட வேண்டியது 3 ரூபாய் 25 காசு. விபத்து நடந்ததும், "கேஸ் எதுக்குப்பா, ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கறேன்" என்று தனியார் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறீர்கள். நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்துத் தீர்ப்பாயத்தில், "வேலையில்தான் அடிபட்டது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கும்போது அவன் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை! விபத்து அறிக்கையை அன்றைக்கே எழுதி அனுப்புங்கள்; நகலை அவன் வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.