பட்டா ஒருவர் பேரில், பாடு இன்னொருவருக்கு!



எங்கள் தூத்துக்குடி துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால், கடலுக்குப் போகிற ஆண்களுக்கு மட்டுமல்ல, அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்கும் சேதி வந்துவிடும். 'எத்தனாம் நம்பர் கூண்டு?' என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். ஆனால் இதே மாவட்டத்தில் விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கம் கரிசல் காட்டில் மானாவாரி விவசாயம் பார்க்கும் பெண்களுக்கு, விவசாயத் திட்டங்கள் பற்றிய சேதி சரியாகப் போய்ச் சேருவதில்லை.

மக்காச்சோளம் ஊன்றுவது, களையெடுப்பது, உளுந்து பறிப்பது எல்லாம் பெண்கள். பட்டாவும் போன் நம்பரும் பெரும்பாலும் ஆண்கள் பேரில். என் பிறந்த வீட்டிலும் இதே கதைதான். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார். காட்டைப் பார்ப்பது மதினி. பயிர்க் காப்பீடு கட்டக் கடைசி நாள் என்ற எஸ்.எம்.எஸ். அண்ணன் போனுக்குப் போனது. அவர் பார்த்துச் சொல்வதற்குள் நாள் முடிந்துவிட்டது. அந்த வருஷம் மழையும் ஏமாற்றியது. உரக்கடைப் பாக்கிக்கு மதினியின் கம்மல் அடகுக்குப் போயிற்று.

2018இல் மக்காச்சோளத்தைப் படைப்புழு தாக்கியதே, நினைவிருக்கிறதா? குருத்தில் ஓட்டையையும் மரத்தூள் மாதிரி எச்சத்தையும் முதலில் காண்பது களையெடுக்கப் போகிறவள்தான். அடையாளம் அவளுக்கல்லவா முதலில் தெரிய வேண்டும்?

சொல்கிற விதத்தில் சொன்னால் நம் ஜனங்கள் கேட்பார்கள். 1960களில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 நெல்லைப் பற்றிச் சொல்லப்போய், தஞ்சாவூர் விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1956இல் பூனா வானொலி சுமார் 150 கிராமங்களில் உழவர் மன்றம் நடத்திப் பார்த்தது. ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்டார்கள், தங்களுக்குள் பேசினார்கள், சந்தேகங்களை எழுதி அனுப்பினார்கள். பதிலும் ரேடியோவிலேயே வந்தது. எஸ்.எம்.எஸ்.ஸிடம் யார் எதிர்க்கேள்வி கேட்பது?

இதற்குப் புதிதாக ஒரு திட்டம் வேண்டியதில்லை. 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு இன்று ஊர் ஊருக்கு இருக்கிறது. வேளாண்மைத் துறை அலுவலர்கள் குழுக் கூட்டத்துக்கு வந்து கால் மணி நேரம் பேசட்டும். பகலில் பெண்கள் காட்டில் இருப்பார்கள். அதனால் பொழுது சாய்ந்து வர வேண்டும். சொல்வதோடு, பெண்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும்.

அடுத்தது கிராம சபை. 2022 முதல் வருஷத்துக்கு ஆறு தடவை கூட்ட வேண்டும் என்று அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. அதில் அக்டோபர் 2, நவம்பர் 1 இரண்டும் நம் விதைப்புக் காலத்தை ஒட்டி வருகின்றன. காப்பீட்டுக்குக் கடைசி நாள் எது, அடங்கல் எப்போது கிடைக்கும், என்ன விதை வந்திருக்கிறது என்று அங்கேயே எழுந்து கேட்கலாம். பட்டா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும், கேட்க உரிமை உண்டு.

கிராமத்தில் இருக்கும் சகோதரிகளே, 'பொம்பளைக்கு அங்கே என்ன வேலை' என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடாதீர்கள். நாலு பேராகச் சேர்ந்து போங்கள். டவுனில் இருக்கும் நாமும் ஊருக்குப் போன் போடும்போது, 'கிராம சபைக்குப் போனீங்களா மதினி?' என்று ஒரு வார்த்தை கேட்போமே!

- ஒரு வாசகி, தூத்துக்குடி.