பகுதியில் மறைந்திருக்கும் பூஜ்யம்

பின்னங்களின் பகுதியில் மாறி அமைந்த சமன்பாட்டைக் கண்டவுடன், பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கால் இருபுறமும் பெருக்கிப் பின்னங்களை நீக்கிவிடுமாறு மாணவருக்குப் போதிக்கிறோம். ஆனால் அந்தப் பெருக்கல் எந்த நிபந்தனையின் பேரில் நியாயமாகிறது என்பதை விளக்காமலே அடுத்த கணக்குக்குச் சென்றுவிடுவது வருந்தத்தக்கது.

எக்ஸ் / (எக்ஸ் − 2) = 3 + 2 / (எக்ஸ் − 2) என்னும் எளிய சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் எக்ஸ் − 2 ஆல் பெருக்கினால் எக்ஸ் = 3எக்ஸ் − 4 என்றாகி, எக்ஸ் = 2 என்னும் விடை கிடைக்கிறது. அதை முதற்சமன்பாட்டில் பிரதியிட்டாலோ இரு பின்னங்களின் பகுதியும் பூஜ்யமாகிச் சமன்பாடே அர்த்தமிழந்து போகிறது. ஆகவே இதற்குத் தீர்வே இல்லை. கூட்டலிலும் பெருக்கலிலும் யாதொரு பிழையும் நேராதிருக்க, இந்தப் போலித் தீர்வு எங்கிருந்து வந்தது? வேறெந்த எண்ணால் பெருக்கினாலும் அதே எண்ணால் வகுத்துப் பழைய நிலைக்கு மீளலாம்; பூஜ்யத்தால் பெருக்கியபின் மீள வழியில்லை, ஏனெனில் அது சத்தியத்தையும் அசத்தியத்தையும் பேதமின்றி 0 = 0 ஆக்கிவிடுகிறது. எக்ஸ் இரண்டாகும் அந்த ஒரே நிலையில் நாம் செய்தது அத்தகைய பெருக்கலே.

பூஜ்யத்தைக் கொண்டு கணிக்கும் விதிகளை 628-இல் பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் தொகுத்தளித்த பிரம்மகுப்தரே, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று எழுதினார். அத்தகைய மேதைக்கும் தெளிவாகாத இடத்தில் பள்ளிச் சிறுவன் இடறினால், அதனை அவனுடைய கவனக்குறைவு என்று எப்படித் தள்ளிவிடுவது?

இதனினும் நுட்பமான குழப்பம் ஒன்றுண்டு. அசைவற்ற நீரில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் செல்லும் படகு, 24 கி.மீ. தூரத்தை நீரோட்டத்தின் திசையில் கடப்பதைக் காட்டிலும் எதிர்த்திசையில் கடக்க ஒரு மணி நேரம் அதிகம் எடுத்துக்கொள்கிறது என்றால், நீரோட்டத்தின் வேகத்துக்கு 6, −54 என இரு விடைகள் வரும். −54 சமன்பாட்டை முற்றிலும் நிறைவு செய்கிறது. வேகம் குறை எண்ணாக இராது என்பதாலேயே அதை விலக்குகிறோம். முன்னர்க் கண்ட 2 சமன்பாட்டையே நிறைவு செய்யாதது. இவ்விரண்டையும் ‘ஏற்கத்தக்கதன்று’ என்னும் ஒரே சொல்லால் அடித்துவிடும் மாணவன், காரணத்தை அறியாமல் சடங்கைச் செய்கிறான்.

ஆசிரியர்கள், எந்த மதிப்புகள் பகுதியைப் பூஜ்யமாக்கும் என்பதை முதல் வரியிலேயே எழுதும் பழக்கத்தை மாணவரிடம் உண்டாக்க வேண்டும்; வினாத்தாள் அமைப்போர் அந்த வரிக்கென்று தனியே ஒரு மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.