பி.ஜி.ஏ. டூர் சீசன்: பெரிய போட்டிகளின் வாசல் திறந்தே இருக்க வேண்டும்

அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூர் ஆண்டுதோறும் நடத்தும் ஆண்கள் தொழில்முறை கோல்ஃப் சீசன் ஜனவரியில் ஹவாய்த் தீவுகளில் தொடங்கி, ஆகஸ்ட் இறுதியில் அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக் மைதானத்தில் உச்சத்தை எட்டுகிறது. அதன்பின் வரும் இலையுதிர்காலப் போட்டிகள், அடுத்த ஆண்டு யாருக்கு இடம் மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இந்த சீசனை எப்படி அமைப்பது என்ற விவாதம் 2022இலிருந்து ஓயவில்லை. அதில் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு பின்வருமாறு. அதிகப் பரிசும் அதிகப் புள்ளியும் தரும் வழக்கமான சீசன் போட்டிகள் எல்லாவற்றிலும் குறைந்தது 120 பேர் ஆட வேண்டும். இரண்டு சுற்றுகளுக்குப் பின் பின்தங்கியவர்களை வெளியேற்றும் ‘கட்’ எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றை மேலும் சுருக்கக் கூடாது.

யாரை உள்ளே விடுவது என்ற கேள்வி இந்த டூருக்குப் புதிதல்ல. ஊர் ஊராகச் சென்று போட்டிகளில் ஆடும் வீரர்கள் 1968இல் அமெரிக்க பி.ஜி.ஏ. அமைப்பிலிருந்து பிரிந்து தனி அமைப்பைக் கண்டார்கள். 1982 வரை, முந்தைய ஆண்டின் பரிசுப் பணப் பட்டியலில் முதல் 60 இடங்களைப் பிடித்தவர்களுக்கும், வெற்றி பெற்றவர்கள் போன்ற இன்னும் சிலருக்கும் மட்டுமே நிலையான இடம் இருந்தது. ஏனையோர் வாரந்தோறும் திங்கட்கிழமை தகுதிச் சுற்று ஆடி, தேறினால்தான் வியாழக்கிழமை களமிறங்க முடியும்; தேறாவிட்டால் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். அவர்களை ‘முயல்கள்’ என்றே டூரில் அழைத்தார்கள். வீரர் கேரி மெக்கார்ட் முன்னின்று வலியுறுத்திய மாற்றத்தால் 1983 முதல் 125 பேருக்கு முழு உரிமை கிடைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்த எண்ணிக்கையை 2026 முதல் 100 ஆகக் குறைப்பதென்று டூரின் ஆட்சிக்குழு 2024 நவம்பரில் முடிவெடுத்தது. இரண்டாம் நிலைத் தொடரான கார்ன் ஃபெர்ரி டூரிலிருந்து மேலேறுபவர்கள் 30 பேரிலிருந்து 20 பேராகக் குறைக்கப்பட்டார்கள். 120 பேர் ஆடும் போட்டிகளில் திங்கட்கிழமைத் தகுதிச் சுற்று நீக்கப்பட்டது. 132 பேர் ஆடும் போட்டிகளில் அதன்வழி இருவருக்கு மட்டும் இடம்.

இந்த மாற்றங்களுக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தது. 2022 ஜூனில் சவூதி அரேபிய அரசு முதலீட்டு நிதியின் பணத்தில் லிவ் கோல்ஃப் தொடங்கியது. 48 வீரர்கள், மூன்று சுற்றுகள், கட் கிடையாது, கடைசி இடத்துக்கும் பணம் என்பதே அப்போது அதன் அமைப்பு. முன்னணி வீரர்கள் பலர் அங்கே போனார்கள். எஞ்சியவர்களைத் தக்கவைக்க பி.ஜி.ஏ. டூர் 2023இல் சில போட்டிகளின் பரிசுத் தொகையை 2 கோடி டாலராக உயர்த்தியது. 2024இல் அந்த வகைப் போட்டிகள் எட்டுக்கு ‘சிக்னேச்சர்’ என்று பெயரிட்டு, ஆடுவோர் எண்ணிக்கையை 70, 80 என்ற அளவுக்குச் சுருக்கியது. வழக்கமான போட்டியில் வெல்பவருக்கு 500 புள்ளி, இவற்றில் 700. டைகர் உட்ஸ் நடத்தும் ஜெனிசிஸ், அர்னால்ட் பாமர் பெயரிலான போட்டி, ஜாக் நிக்லஸ் நடத்தும் மெமோரியல் ஆகிய மூன்றில் மட்டும் கட் இருந்தது. மற்ற ஐந்திலும் உள்ளே நுழைந்தவர் அனைவருக்கும் நான்கு சுற்றும் உறுதி, பணமும் உறுதி.

2023ஆம் ஆண்டு நடந்ததை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். பரிசுத் தொகை அந்த ஆண்டே உயர்ந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான பெரிய போட்டிகளில் ஆடுவோர் எண்ணிக்கை அப்போது குறைக்கப்படவில்லை. நட்சத்திரங்கள் எல்லோரும் வந்தார்கள், அவர்களோடு மற்றவர்களும் ஆடினார்கள். மார்ச்சில் பே ஹில் மைதானத்தில் கர்ட் கிடயாமா டூரில் தம் முதல் பட்டத்தை வென்றார். மே மாதம் குவெயில் ஹாலோவில் விண்டம் கிளார்க்கும் அப்படியே முதல் பட்டம் வென்று, அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்க ஓப்பனையும் கைப்பற்றினார். எண்ணிக்கை சுருங்கிய பின் 2024, 2025 ஆகிய இரு சீசன்களிலும் நடந்த பதினாறு சிக்னேச்சர் போட்டிகளில், டூரில் அதற்குமுன் வென்றிராத ஒருவர்கூடப் பட்டம் பெறவில்லை. சிறந்தவர்கள் வெல்வதில் குறையொன்றுமில்லை. இரண்டு ஆண்டுகளை வைத்து முடிந்த முடிவாகவும் எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் நட்சத்திரங்களை ஒரே வாரத்தில் கூட்டுவதற்கும் மற்றவர்களை வெளியே நிறுத்துவதற்கும் தொடர்பில்லை என்பதை 2023ஆம் ஆண்டே காட்டிவிட்டது. பணத்தைக் கூட்டினாலே போதுமானதாக இருந்தது.

சிக்னேச்சர் போட்டிகளுக்குள் நுழைய வழியே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. முந்தைய ஆண்டின் முதல் 50 பேருக்கு இடம் உறுதி. நடப்பு ஆண்டுப் புள்ளிப் பட்டியலிலிருந்து பத்துப் பேர், இடைப்பட்ட சிறு போட்டிகளில் அதிகப் புள்ளி எடுத்த ஐந்து பேர், அந்த ஆண்டில் பட்டம் வென்றவர்கள் ஆகியோரும் சேர்கிறார்கள். ஏற்பாடு கவனமாகச் செய்யப்பட்டதுதான். ஆனால் உள்ளே இருப்பவர் கட் இல்லாத போட்டியில் கடைசி இடம் பிடித்தாலும் அவர் கணக்கில் புள்ளி ஏறுகிறது. வெளியே இருப்பவர் சிறு போட்டியில் கட்டைத் தாண்டாவிட்டால் அந்த வாரம் அவருக்குப் பூஜ்யம். ஒரே பட்டியலில் போட்டியிடும் இருவருக்கு இருவேறு அளவுகோல்கள் இருக்கின்றன. சங்கம் எதிர்ப்பது இந்த ஏற்றத்தாழ்வைத்தான்.

கட் என்பது வெறும் சிக்கன நடவடிக்கை அன்று. வழக்கமான போட்டியில் 36 குழிகள் முடிந்ததும் முதல் 65 இடங்களில் உள்ளவர்களும் அவர்களோடு சமநிலையில் இருப்பவர்களும் மட்டுமே வார இறுதியில் ஆடுகிறார்கள். இதனால் வெள்ளிக்கிழமை மாலையில், முதலிடத்திலிருந்து பத்து அடி பின்தங்கியவருடைய நான்கடி தூர ‘பட்’டும் பொருளுள்ளதாகிறது. டைகர் உட்ஸ் 1998 முதல் 2005 வரை தொடர்ந்து 142 போட்டிகளில் கட்டுக்குத் தப்பினார். அவற்றில் சில கட் இல்லாதவை என்றாலும், அவருடைய சாதனைகளில் எட்டமுடியாதது இதுவே என்று பலர் கருதுவதற்குக் காரணமுண்டு: ஆட்டம் கைகொடுக்காத நாளிலும் விட்டுக்கொடுக்காமல் ஆடினார் என்பதற்கு அது சான்று. முன்னணி வீரர்களுக்கு இந்தப் பாதுகாப்பு தேவையும் இல்லை. 2024இல் ஸ்காட்டி ஷெஃப்ளர் டூரில் ஏழு பட்டங்களை வென்றார். அவற்றுள் பே ஹில், பிளேயர்ஸ், மாஸ்டர்ஸ், மெமோரியல் என்ற நான்கும் கட் உள்ள போட்டிகள்.

கட்டில் விழுந்தவர் கைச்செலவுக்கும் வழியின்றித் திரும்புகிறார் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதற்குத் தீர்வை டூரே கண்டுபிடித்துவிட்டது. 2022–23 சீசன் முதல், முழு உரிமை பெற்று 15 போட்டிகளில் ஆடுபவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 5 லட்சம் டாலர் வருமானம் உறுதி செய்யப்பட்டது. வாழ்வாதாரத்தை இப்படிக் காப்பதே சரியான வழி. போட்டியின் கடுமையைக் குறைத்துக் காக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றின் பயனை இந்தியாவில் கோல்ஃபைப் பின்தொடர்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அர்ஜுன் அத்வால் 2010 கோடையில் தம் டூர் உரிமையை இழந்திருந்தார். காயத்துக்காகத் தரப்பட்ட கால நீட்டிப்பும் முடிந்துவிட்டது. ஆகஸ்டில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நடந்த விண்டம் சாம்பியன்ஷிப்பில் திங்கட்கிழமைச் சுற்றில் ஆடித்தான் அவர் இடம் பிடித்தார். முதல் சுற்றில் 61 அடித்தார். நான்கு நாளும் பிடி தளராமல், பாருக்கு 20 குறைவாக முடித்து, டேவிட் டாம்ஸை ஒரே அடியில் முந்தினார். பி.ஜி.ஏ. டூரில் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்ற பெருமை அன்று அவருக்குக் கிடைத்தது. 1986இல் ஃப்ரெட் வாட்ஸ்வொர்த்துக்குப் பிறகு அந்த வழியில் வந்து வென்ற முதல் வீரரும் அவரே. 2019இல் கனடாவின் கோரி கானர்ஸ் திங்கட்கிழமை பலரோடு கூடுதல் குழிகளில் மோதி ஒரே ஓர் இடத்தைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை டெக்சஸ் ஓப்பனை வென்று, அடுத்த வாரமே மாஸ்டர்ஸில் ஆடினார். இத்தகைய வெற்றிகள் அரிதானவைதாம். அரிதானவை என்பதற்காக அந்தத் திங்கட்கிழமை இடங்களை எடுத்துவிட்டால் சீசனுக்கு மிச்சமாவது சில மணி நேரம் மட்டுமே.

2024 சீசனின் முதல் இரு மாதங்களும் இதையே சொல்கின்றன. அலபாமா பல்கலைக்கழக மாணவர் நிக் டன்லப், 20 வயதில், ஆதரவாளர் அழைப்பின் பேரில் ‘தி அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்’ போட்டியில் ஆடி வென்றார். 1991இல் ஃபில் மிக்கல்சனுக்குப் பிறகு டூரில் வென்ற முதல் அமெச்சூர் அவர். பணம் பெற விதி இடந்தராததால் 15.12 லட்சம் டாலர் இரண்டாமிடம் பெற்ற கிறிஸ்டியான் பெசுடன்ஹவுட்டுக்குப் போனது. அடுத்த வாரம் டோரி பைன்ஸில், ஐரோப்பிய டூர் வழியாக அந்த ஆண்டுதான் உரிமை பெற்றிருந்த பிரெஞ்சு வீரர் மாத்யூ பாவோன் வென்றார். பிப்ரவரியில் மெக்சிகோ ஓப்பனை வென்ற ஜேக் நாப், சில ஆண்டுகளுக்கு முன் இரவு விடுதி வாசலில் காவல் வேலை பார்த்தவர். ஷெஃப்ளருமே 2019இல் கார்ன் ஃபெர்ரி டூரில் முதலிடம் பெற்று மேலேறியவர். எண்ணிக்கைச் சுருக்கம் அங்கேதான் இப்போது பத்து இடங்களை வெட்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றைச் சங்கம் முழுமையாக ஏற்கிறது. ஆண்டின் தொடக்க மாதங்களில் பகல் குறுகியது. 156 பேர் ஆடினால் வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் இரண்டாம் சுற்று முடிவதில்லை. கட் கணக்கு சனிக்கிழமை காலைவரை தள்ளிப்போவதும் வழக்கமாகிவிட்டது. ஆகவே உச்சவரம்பை 144 ஆகவும், பகல் குறைந்த வாரங்களில் 132 அல்லது 120 ஆகவும் வைத்த முடிவு சரியானதே. வெளிச்சம் தரும் எண் 120 என்றால், சிக்னேச்சர் போட்டிகளின் 70, 80 என்ற எண்ணிக்கைக்கு வெளிச்சம் காரணமாகாது.

2024 ஜனவரியில் ஸ்ட்ராடஜிக் ஸ்போர்ட்ஸ் குழுமம் என்ற முதலீட்டாளர் குழு, டூரின் புதிய வணிக நிறுவனத்தில் 300 கோடி டாலர் வரை முதலீடு செய்ய உடன்பட்டது. வீரர்களுக்கும் அந்த நிறுவனத்தில் பங்கு தரப்பட்டது. முதலீட்டாளருக்குக் குறைந்த போட்டிகளும் தெரிந்த முகங்களும் பிடிக்கும். 2025இல் டூரின் தலைமைச் செயல் அதிகாரியான பிரையன் ரோலப், டைகர் உட்ஸ் தலைமையில் வருங்காலப் போட்டிக் குழு ஒன்றை அமைத்தபோது, சமபலம், எளிமை ஆகியவற்றோடு போட்டிகள் அரிதாக இருப்பதையும் ஓர் இலக்காக அறிவித்தார். போட்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதில் சங்கத்துக்கு மறுப்பில்லை. நெரிசலான கால அட்டவணை வீரர்களுக்கும் நல்லதன்று. போட்டிகள் குறையலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வரும் வழிகள் குறையக் கூடாது.

அதன்படி அந்தக் குழுவிடம் வைக்கப்படும் கோரிக்கைகளில் சிக்னேச்சர் போட்டிகளை 120 பேருக்கு விரிப்பதும், எட்டிலும் கட்டைக் கொண்டுவருவதும் முதன்மையானவை. கார்ன் ஃபெர்ரி வழியான இடங்கள் மீண்டும் 30 ஆக வேண்டும். 120 பேர் ஆடும் போட்டிகளிலும் திங்கட்கிழமைச் சுற்றுக்குக் குறைந்தது இரண்டு இடங்கள் தேவை. ஆதரவாளர் அழைப்பாக ஒவ்வொரு சிக்னேச்சர் போட்டியிலும் தரப்படும் நான்கு இடங்களில் பாதியை, டூரில் முதல் அல்லது இரண்டாம் ஆண்டு ஆடுபவர்களுக்கும் அமெச்சூர்களுக்கும் ஒதுக்க வேண்டும்.