ஜன்னல் வழியே விழுந்த பொன்முடிப்பு

திருத்தணி மலையில் முகூர்த்த நாள் என்றால் விடியுமுன்பே மேளச் சத்தம் கேட்கும். மாலையும் கழுத்துமாக மணமக்கள் வரிசையாக நிற்பார்கள். ஒரு பக்கம் தமிழ்ப் பேச்சு. ஒரு பக்கம் தெலுங்கு. ஆந்திர எல்லை பக்கத்தில்தானே! தமிழர் வரதட்சணை என்பதைத் தெலுங்கர் கட்னம் என்பார்கள். சொல்தான் வேறு. பெண்ணைப் பெற்றவன் விடும் பெருமூச்சு ஒன்றே.

சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்னால், கடல் கடந்த ஒரு தேசத்திலும் இந்தப் பெருமூச்சு கேட்டது. அதைக் காதில் வாங்கிக்கொண்டவர் ஒருவர் இருந்தார்.

துருக்கி நாட்டின் தென்கரையில் டெம்ரே என்று ஓர் ஊர் இருக்கிறது. பழைய நாளில் அதற்கு மைரா என்று பெயர். நாலாம் நூற்றாண்டில் அங்கே பிஷப்பாக இருந்தவர் நிக்கோலாஸ். அவரைப் பற்றிய உறுதியான சரித்திரம் கொஞ்சம்தான். ஜனங்கள் வழிவழியாகச் சொல்லி வந்த கதைகளோ ஏராளம். அவற்றில் தலைசிறந்த கதை இது:

செல்வமாக வாழ்ந்து நொடித்துப்போனான் ஒருவன். வீட்டில் மூன்று பெண்கள். சீதனம் இல்லாமல் கட்டிக்கொள்ள யாரும் வரவில்லை. அடுப்பில் பூனை தூங்கியது. பெண்களை விற்றுவிடலாமா, அவர்கள் விபசாரம் செய்தாவது பிழைக்கட்டுமே என்றுகூட அந்தத் தகப்பன் எண்ணிவிட்டான். எப்பேர்ப்பட்ட கொடுமை!

நிக்கோலாஸ் அப்போது வாலிபர். பெற்றோர் விட்டுப்போன சொத்து அவர் கையில் இருந்தது. ஓர் இரவு அந்த வீட்டு ஜன்னல் வழியே ஒரு பொன்முடிப்பை எறிந்துவிட்டுப் போய்விட்டார். மூத்தவளுக்குக் கலியாணம் நடந்தது. இன்னோர் இரவு இன்னொரு முடிப்பு. இரண்டாமவளும் கரையேறினாள். மூன்றாவது முடிப்பு விழுந்த இரவில் தகப்பன் தூங்கவில்லை. ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான், காலில் விழுந்தான். தாம் உயிரோடு இருக்கும்வரை இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நிக்கோலாஸ் அவனிடம் வாக்கு வாங்கிக்கொண்டாராம்.

அவருடைய திருநாள் டிசம்பர் 6. மாலுமிகளுக்கும் குழந்தைகளுக்கும் அவரே காவல் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். 1087-ல் இத்தாலி நாட்டின் பாரி நகரத்து மாலுமிகள் அவருடைய எலும்புகளைக் கப்பலில் எடுத்துப்போய்க் கோயில் எழுப்பினார்கள். ஹாலந்துக்காரர் அவர் பெயரை சின்டர்கிளாஸ் என்று சொல்ல, அமெரிக்காவில் அது சாண்டா கிளாஸ் ஆயிற்று. நம் ஊர்த் தெருக்களில் வெள்ளைத் தாடியுடன் மிட்டாய் கொடுத்து வரும் கிறிஸ்துமஸ் தாத்தா அந்த பிஷப்தான்!

ஆனால் ஒன்று. அவர் பொன் கொடுத்தார். சீதனம் கேட்கும் வழக்கம் அப்படியே நின்றது. ஒரு வீட்டுக் கண்ணீர் துடைக்கப்பட்டது. அடுத்த தெருவில் வேறொரு தகப்பன் விழித்தே இருந்திருப்பான். அவரைக் குறை சொல்லலாகாது. அன்றைய பெண்ணுக்கு வேறு வழி ஏது?

தமிழ்நாட்டு அரசும் நெடுநாள் இந்த வழியில்தான் நடந்தது. 1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. 2011-ல் பணத்தோடு தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. 2016-ல் அது 8 கிராம் ஆயிற்று. பிறகு திட்டமே திசை மாறியது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்னும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. அது ஆசிரியர் தினம். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்த நாள்! கழுத்துக்குத் தங்கம் கொடுப்பதைவிடக் கைக்குப் படிப்பைக் கொடுப்பது மேல்.

பெண் வீட்டார் மாறினால் மட்டும் போதுமா? பட்டம் வாங்கிய பெண்ணுக்குப் பட்டம் வாங்கிய மாப்பிள்ளை. அதனால் விலை இன்னும் அதிகம் என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன. கோயிலில் தாலி கட்டினாலும் சர்ச்சில் மோதிரம் மாற்றினாலும் பேரம் மட்டும் மாறுவதில்லை. திருத்தணி முருகனே தினைப்புனம் காத்த வள்ளியை மணந்தவன். வேடனாய் வந்தான், கிழவனாய் வந்தான். எத்தனை சவரன் போடுவீர்கள் என்று நம்பிராஜனைக் கேட்கவில்லை!

வரதட்சணைத் தடுப்புச் சட்டம் 1961-ல் வந்தது. 1986-ல் திருத்தி, ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறை என்று கடுமையாக்கினார்கள். கேட்பதே குற்றம். மாவட்ட சமூக நல அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். 181 என்ற எண்ணுக்குப் பெண்கள் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.